மதினி தேர்ந்தெடுத்த டயர்

அப்பா பாகம் பிரித்தபோது வீடு அண்ணனுக்கு, கார் எனக்கு. கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர்கூடச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தக் காரின் பின்சீட்டில் எனக்கு ஐந்து வயதிலிருந்தே ஒரு கண் இருந்தது.

கொடைக்கானலில் வாத்தியாராக இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது அப்பாவிடம் விட்டுவிட்டுப் போன கார் அது. பச்சை நிறம், உருண்டை முகம், என்னைவிட வயதில் மூத்தது. இடது பக்கம் திரும்பினால் கதவோரத்திலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீண்டு வழி காட்டும். வலது பக்கத்துக் கை செத்துப்போய் இருபது வருஷம் ஆகிறது. வலப்புறம் திரும்ப நாமே கையை நீட்ட வேண்டும். எனக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது.

ஒரே ஒரு தொந்தரவு, காரை நிறுத்த என் வீட்டில் இடமில்லை. ரோட்டிலிருந்து எழுபது படி இறங்கினால்தான் என் வீடும், பள்ளிக்கூடத்து யூனிபாரம் தைக்கிற என் மிஷினும். அதனால் கார் அண்ணன் வீட்டு ஷெட்டிலேயே நின்றது. அண்ணனுக்கு மலைப்பூண்டு வியாபாரம். மன்னவனூர்ப் பக்கமிருந்து வருகிற பூண்டு மூட்டையை அடுக்க அவருக்கு அந்த ஷெட் வேண்டும். ஷெட்டைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விடுவார். "பாப்பா, நூறு மூட்டை அடுக்கலாம் இதுல," என்பார். ஐம்பத்திரண்டு வயதிலும் நான் அவருக்குப் பாப்பாதான்.

இனி மதினியைச் சொல்ல வேண்டும். அண்ணன் பெண்டாட்டி. என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். பிறகு அண்ணனைக் கட்டிக்கொண்டு மதினி ஆனாள். ஆனாலும் எங்களுக்குள் இன்றைக்கும் நீ, வா, போடிதான். வியாழக்கிழமைதோறும் அண்ணன் வெள்ளனே லாரி ஏறி வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்குப் போய்விடுவார், கடைக்கு அன்றைக்குப் பூட்டு. அவர் தலை மறைந்த கால் மணி நேரத்தில் நானும் மதினியும் காரில் இருப்போம். பேத்துப்பாறை போவோம், இல்லையென்றால் பூம்பாறை தாண்டி மன்னவனூர் போவோம். தோட்டத்தில் பிடுங்கிய காரட்டை ஓடையில் கழுவி, பானட்டில் சாய்ந்துகொண்டு கடிப்போம். வாரத்தில் ஆறு நாள் அவள் பூண்டு மூட்டைக்கு நடுவிலும் நான் காக்கித் துணிக்கு நடுவிலும் கிடப்பவர்கள். அந்த ஒரு நாள் மட்டும் எங்களுடையது.

நாங்கள் காரில் சுற்றுவது அண்ணனுக்குத் தெரியும். தெரியாத ஒன்று உண்டு. பூம்பாறை தாண்டியதும் நான் இறங்கி இந்தப் பக்கம் வந்துவிடுவேன். வண்டியை ஓட்டுவது மதினி.

இதை மறைக்கக் காரணம் ஒரு ஸ்கூட்டர். பல வருஷத்துக்கு முன் மதினி ஸ்கூட்டர் பழகப் போய், நேராக டீக்கடைக்குள் நுழைந்து வடைத் தட்டின்மேல் நின்றாள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் அண்ணன் அந்தக் கதையைச் சொல்லாமல் காபி கொடுக்க மாட்டார். சம்பந்தி வீட்டாரிடம் சொன்னார், மின்சார மீட்டர் பார்க்க வந்தவரிடமும் சொன்னார். "வடைக்குப் போனவ வடை மேலயே போயிட்டா!" என்று தொடையைத் தட்டிக்கொள்வார். மதினி சிரித்துக்கொண்டே காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். உள்ளே போனதும் சிரிப்பு நின்றுவிடும். அதை நான் பார்த்திருக்கிறேன், எனக்கு அண்ணனைப் பிடித்து நாலு உலுக்கு உலுக்கலாம் போலிருக்கும்.

அதனால் என்ன செய்தாள் தெரியுமா? மாதாமாதம் கிருத்திகைக்குப் பழனி போகிறேன் என்று கிளம்பினாள். மலையேறி முருகனைக் கும்பிட்டதும் உண்மை, அதில் பொய் இல்லை. கும்பிட்டு இறங்கி வந்து டிரைவிங் ஸ்கூலில் உட்கார்ந்ததும் உண்மை. லைசென்ஸே வாங்கிவிட்டாள், மகராசி! அண்ணன் அவள் பக்தியைப் பற்றிக் கடைத்தெருவில் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தபோது காரின் ஆர்.சி. காலாவதி ஆகிற நேரம் வந்தது. பழைய வண்டி என்பதால் கீழே பழனிக்குக் கொண்டு போய் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பின்பக்கத்து இரண்டு டயரும் தேய்ந்து நூல் தெரிந்தது. சரியாக அதே வாரம் ஏரிப் பக்கத்து ரிசார்ட் மேனேஜர் காரை விலைக்குக் கேட்டு அண்ணனைத் தேடி வந்தார். "சார், செம ஆன்டிக் லுக். லான்ல நிறுத்தி, பானட்டத் திறந்து உள்ள பெட்டூனியா வெச்சோம்னா, பக்கா செல்ஃபி ஸ்பாட்!" என்றார். என் காருக்குள் பூச்செடி! எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது.

அண்ணன் பொறுமையாகத்தான் பேசினார். டயர் கிடைக்காது, இந்தத் தடவை தப்பினாலும் அடுத்த தடவை தப்பாது என்றார். எனக்கு வாயில் சனி. "ஒரே ஒரு தடவை கொண்டு போய்க் காட்டுறேன். இன்ஸ்பெக்டர் வேணாம்னுட்டா மறுநாளே உங்க மேனேஜர லாரியோட வரச் சொல்லுங்க, ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்!" என்று கத்திவிட்டேன். அண்ணன் உடனே, "சரி" என்றார். அவ்வளவு வெரசாக அவர் எதற்கும் சரி சொன்னதில்லை. சோதனைக்குக் கிடைத்த நாள் புதன்கிழமை. மறுநாள் வியாழக்கிழமை. எங்கள் வியாழக்கிழமையை நானே எடுத்துப் பந்தயத்தில் வைத்துவிட்டேன்.

அப்புறம் தொடங்கியது டயர் வேட்டை. ஆளாளுக்கு ஒரு யோசனை. கொடைக்கானல் டயர் கடைக்காரர் காரைச் சுற்றி ஒரு தரம் வந்துவிட்டு, "இதுக்கு மியூசியத்துலதான் கேக்கணும் மேடம்" என்றார். தாண்டிக்குடியில் காப்பித் தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுகிற ஒருவர், "பட்டன் டயர் போடுங்கக்கா, செவுத்துலயே ஏறும்" என்று குமிழ் குமிழாகப் புடைத்த தன் டயர் ஒன்றைக் கழற்றி மாட்டியே காட்டினார். டயர் உள்ளே போனது, ஆனால் சக்கரம் சுற்றவில்லை. மட்கார்டில் சிக்கிக்கொண்டு நின்றதை வெளியே எடுக்க நாலு பேர் வேண்டியிருந்தது. கோயமுத்தூரில் பழைய கார் பிரியர் ஒருவரிடம் போனில் கேட்டோம். ஓரத்தில் வெள்ளைப் பட்டை போட்ட டயர்தான் அந்தக் காருக்கு மரியாதை, கப்பலில் வரும், மூன்று மாதம் பொறுங்கள் என்றார். மரியாதைக்கெல்லாம் எங்களுக்கு நேரமில்லை.

கடைசியில் பழனியில் ஒரு பாய் கிடைத்தார். சைக்கிள் தொடங்கி டிராக்டர் வரைக்கும் ரப்பரில் என்ன வேண்டுமோ அவர் கடையில் உண்டு. போனில் அளவைச் சொன்னதும், "ஒல்லி டயருங்கம்மா, இப்ப யாரும் கேக்குறதில்ல. புதுசாவே வரவழைச்சுத் தர்றேன், வெள்ளிக்கிழமை வாங்க" என்றார். நான் போனை வைத்துவிட்டு மதினியைப் பிடித்துக்கொண்டு பூண்டுக் கடைக்குள்ளேயே ஒரு சுற்று ஆடினேன். பூண்டு வாங்க வந்தவர் பயந்து ஓரமாக நின்றார்.

வெள்ளிக்கிழமை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாய் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "உங்க ஜோடி வந்திருச்சும்மா. உள்ள செவுத்தோரமா இருக்கு. இன்னொருத்தரு ஜோடியும் அங்கனயேதான் இருக்கு, அரை மணி நேரம் உக்காருங்க, நான் வந்து எடுத்துத் தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். தெளிவாகத்தான் சொன்னார். பாவம், அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அரை மணி நேரம் உட்காருகிற ஜாதியா நாங்கள்? மலைமேல் மேகம் இறங்குமுன் ஏறியாக வேண்டும். உள்ளே போய்ப் பார்த்தோம். இரண்டு ஜோடி டயர் பளபளவென்று நின்றன. நான் ஒன்றும் அசடு இல்லை, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் இருந்த எண்ணைப் பார்த்தேன். இரண்டு ஜோடியிலும் ஒரே அளவு. எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் இங்கிலீஷில் வேறு என்னவோ நீளமாக எழுதியிருந்தது. அளவுதான் சரியாக இருக்கிறதே, அதை எல்லாம் உட்கார்ந்து படிப்பார்களா?

"ரெண்டும் நம்ம அளவுதான் மதினி. எதை எடுக்க?"

மதினி புடவைக் கடைக்குப் போனால் எப்படியோ அப்படியே நின்றாள். முதல் ஜோடியைத் தடவினாள், விரலால் அமுக்கினாள், உதட்டைப் பிதுக்கினாள். "இது வளைஞ்சு வளைஞ்சு முறுக்குப் பிழிஞ்சாப்புல இருக்கு. கண்ணு வலிக்குது. தொட்டா சளசளங்குது." அடுத்த ஜோடிக்கு நகர்ந்தாள். அதில் மூன்று கோடு நேராக, சுற்றிலும் ஓடியது. "இது பாரு. கரை எம்புட்டு நேரா ஓடுது! நல்லா கெட்டி. ரொம்ப நாளைக்கு வரும்டி."

நானும் தொட்டுப் பார்த்தேன். கெட்டிதான். முப்பது வருஷமாகத் துணியைக் கெட்டி பார்த்தே எடுத்த கை இது, டயருக்கு மட்டும் வேறு புத்தியா வந்துவிடும்? உருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டோம். காசு முன்னாலேயே கொடுத்தாயிற்று. பாய்க்கு, 'எடுத்துக்கொண்டோம்' என்று பக்கத்துக் கடையில் சொல்லிவிட்டோம். அந்தப் பக்கத்துக் கடைதான் டயர் மாட்டுகிற கடை. மாட்டினவருக்கு ஒரு பஸ் வேறு காத்துக்கொண்டிருந்தது. கம்பியைப் போட்டு நெம்பிக்கொண்டே, "என்னக்கா, இம்புட்டு கெட்டியா இருக்கு?" என்றார். "நல்ல சாமான்னா அப்படித்தான் இருக்கும்" என்றேன் நான். அந்த வார்த்தையை இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பழனி வரை வந்து புது டயருக்குப் பூஜை போடாமல் போவோமா? அடிவாரத்தில் நிறுத்தினோம். சந்தனம், குங்குமம், மாலை, சூடம், நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். வண்டியை மெல்ல எடுத்தேன். மூன்று பழம் ஒழுங்காக நசுங்கியது. நாலாவது, பின்சக்கரத்துப் பழம், நசுங்கவில்லை. அந்தக் கெட்டி டயருக்கு அடியிலிருந்து விர்ரென்று தெறித்து, அப்போதுதான் முடியிறக்கிச் சந்தனம் பூசிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் மொட்டையில் சத்தென்று பட்டு விழுந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் மண்டையைத் தடவினார். பழத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். அப்புறம் இரண்டு கையையும் கூப்பி, "முருகா!" என்று சொல்லிப் பழத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். மதினி சிரித்த சிரிப்பில் அவளால் நிற்க முடியவில்லை, கார்க் கதவைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். பத்தாவது கொண்டை ஊசி வளைவு வரைக்கும் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.

பாதையில் வண்டி என்னமோ குலுங்கத்தான் செய்தது. ரோட்டில் கிடந்த ஒவ்வொரு பொடிக் கல்லும் முதுகெலும்பில் வந்து பேர் சொல்லிவிட்டுப் போனது. "புதுச் செருப்பு கடிக்கிற மாதிரிதான், பழகப் பழகச் சரியாயிரும்" என்றேன். மதினியும் ஆமாம் என்றாள்.

புதன்கிழமை அண்ணனும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்தார். கார் தோற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். மதினி மஞ்சப்பையோடு முன்சீட்டில், அண்ணன் பின்சீட்டில் துள்ளித் துள்ளி. "பாப்பா, இடுப்பு கழண்டுரும் போலிருக்கே" என்று ஒவ்வொரு வளைவிலும் புலம்பினார். நான் காதிலேயே வாங்கவில்லை.

இன்ஸ்பெக்டர் சின்ன வயதுக்காரர், மரியாதையான பிள்ளை. விளக்கைப் போடச் சொன்னார், ஹாரனை அடிக்கச் சொன்னார். கதவோரத்துக் கை வெளியே நீண்டதும் சிரித்துவிட்டார். சரி, ஜெயித்தோம் என்று நான் மதினியைக் கிள்ளினேன். அப்போதுதான் அவர் பின்சக்கரத்துப் பக்கம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"அம்மா, இங்க வாங்க. இத வாசிங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன். வெள்ளிக்கிழமை நான் படிக்காமல் விட்ட அதே பொடி எழுத்து. கால்நடை இழுக்கும் வண்டிக்கு மட்டும் என்று இங்கிலீஷில் தெளிவாக அச்சடித்திருந்தது.

"மாட்டு வண்டி டயரும்மா இது" என்றார் இன்ஸ்பெக்டர். "இதப் போட்டுக்கிட்டா மலையில இருந்து எறங்குனீங்க? வேகத்துல சூடேறுனா வெடிச்சிரும்மா. வெளையாட்டா இருக்கா?"

அவர் திட்டினதுகூட எனக்கு உறைக்கவில்லை. பின்னால் அண்ணன் சிரிக்கத் தொடங்கியிருந்தார். "மாட்டு வண்டி! ரெண்டு பேரும் சேந்து காருக்கு மாட்டு வண்டி டயரு!" தொடையில் அடித்துக்கொண்டார். மதினி மூஞ்சி சுண்டைக்காய் ஆகிவிட்டது. வடைக் கதைக்கு அண்ணனுக்கு ஒரு ஜோடி கிடைத்துவிட்டது என்று அவளுக்கும் புரிந்திருக்க வேண்டும். இனி ஆயுசுக்கும் இரண்டு கதை.

"ஐயா, மாத்திட்டு வந்தா பாப்பீங்களா?" என்று கேட்டேன். எனக்கே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இன்னைக்கு நாலு மணி வரைக்கும் இங்கனதான் இருப்பேன். அதுக்குள்ள வந்தா பாக்குறேன். அங்கிட்டு இங்கிட்டு போறதா இருந்தா மெதுவாப் போங்க."

அண்ணன் எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்து ரிசார்ட் மேனேஜருக்குப் போன் போட்டார். "காலையில லாரிய அனுப்பிருங்க" என்பது என் காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகப் பேசினார்.

பாய் விஷயத்தைக் கேட்டதும் கல்லாப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, "யா அல்லா!" என்றார். நாங்கள் எடுத்துப்போனது எங்களுடையது என்று நினைத்து, மிச்சமிருந்ததை அந்த இன்னொருத்தருக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அந்த இன்னொருத்தர் ஆயக்குடிப் பக்கம் கொய்யா ஏற்றுகிற மாட்டு வண்டிக்காரர். "திங்கக்கிழமையே போன் போட்டு வஞ்சாரும்மா. இது டயரா தலகாணியா, லோடு ஏத்துனா அமுங்குதுன்னாரு. நாந்தான், புதுசு அப்படித்தான் இருக்கும், பழகிரும்னேன்." நான் மதினியைப் பார்த்தேன், மதினி என்னைப் பார்த்தாள். அந்த நிலைமையிலும் எங்களுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

பாய் நெம்புகோல், பம்பு, சோப்புத் தண்ணீர் எல்லாம் எடுத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினார். வண்டிக்காரர் தோப்பில்தான் இருக்கிறார் என்று போனில் கேட்டுக்கொண்டோம். ஆயக்குடி வரைக்கும் இன்ஸ்பெக்டர் சொன்னபடி மாட்டு வேகத்திலேயே போனேன். ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

வண்டிக்காரர் எங்களைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "நீங்கதானா அந்தப் புண்ணியவதிங்க? அஞ்சு நாளா என் மாடு ரெண்டும் என்னைய மொறைக்குது தாயி!" நியாயமான கோபம். நான் எதிர்த்துப் பேசாமல் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது வழக்கமில்லை.

ஆனால் திட்டி முடித்ததும் அவர்தான் முதலில் வேலையில் இறங்கினார். பாதி ஏற்றின கொய்யாக் கூடைகளை நாங்கள் எல்லாருமாக இறக்கினோம். மாடுகளை அவிழ்த்துக் காரின் நிழலில் கட்டினார், அதில் ஒன்று என் பானட்டில் பூஜைக்கு வைத்த சந்தனத்தை நக்கியது. வண்டிக்கு ஒரு மரத்துண்டை முட்டுக் கொடுத்தோம், காருக்கு ஜாக்கி. பாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு டயரையும் கழற்றி, அதை இதிலும் இதை அதிலுமாக மாட்டினார். வளைந்து வளைந்து முறுக்குப் பிழிந்த டயர் என் காருக்கு வந்தது. நேர்க்கோட்டு டயர் வண்டிக்குப் போனது. வண்டிக்காரர் கெட்டி டயரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, "இது டயரு!" என்றார். "கரை நேரா ஓடுதுல்ல அண்ணே?" என்றாள் மதினி. அவருக்கு விளங்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். எங்கள் காரின் பின்சீட்டில் கால் கூடைக் கொய்யாவைக் கொட்டினார், வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

மணி மூன்று இருபது. அவசரத்தில் ஜாக்கிக் கம்பியை நான் இறக்கினபோது அது வழுக்கி, என் இடது கைக் கட்டைவிரலில் நச்சென்று இறங்கியது. வலியில் கண் இருட்டியது. பாய் கைக்குட்டையை நனைத்துக் கட்டிவிட்டார். ஸ்டியரிங்கில் உட்கார்ந்து கியரைப் பிடித்துப் பார்த்தேன். பிடிக்க முடியவில்லை.

"பாய், நீங்க..."

"டயரு விக்கத்தாம்மா தெரியும். எனக்குக் காரு ஓட்டத் தெரியாது."

வண்டிக்காரர், "நான் வேணா மாட்டப் பூட்டவா?" என்றார்.

மதினி கார்ப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் ஓட்டினது மன்னவனூர் ரோடு, அங்கே எதிரே வருவது செம்மறி ஆடுகள். இது திண்டுக்கல் ரோடு, பஸ்ஸும் லாரியும் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு பறக்கிற ரோடு. அவள் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. நான் வாயைத் திறக்குமுன், "நகருடி" என்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். "இன்னைக்கு மட்டும் டீக்கடை எதுவும் குறுக்க வராம இருக்கணும்."

பாய் பின்சீட்டில் கொய்யாவுக்கு நடுவில் பிஸ்மில்லா சொன்னார். மதினி முருகா என்றாள். நான் இரண்டையும் சொன்னேன்.

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்ல! வண்டி மிதந்தது. எங்கள் கார் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை, ஒரு குலுக்கல் இல்லை, ஒரு முனகல் இல்லை. மதினி சளசளவென்று இருக்கிறது என்று தள்ளிவிட்ட அதே டயர்! ஒரு பஸ் பின்னாலிருந்து காது கிழிய ஹாரன் அடித்தது. மதினி அசரவில்லை. "அடிச்சுக்கோ, எனக்கென்ன?" என்று பஸ்காரனிடம் சொல்லிவிட்டு அதே வேகத்தில் போனாள். ஒரு டிராக்டரை அவளே தாண்டினாள். தாண்டி முடித்ததும் நாங்கள் இரண்டு பேரும் ஓவென்று கத்தினோம், பாயும் எங்களோடு கத்தினார். எனக்கு விரல் வலித்ததா என்றே நினைவில்லை.

மைதானத்துக்கு வலப்புறம் திரும்ப வேண்டும். செத்துப்போன கைக்குப் பதிலாக மதினி தன் கையை நீட்டினாள். கண்ணாடி வளையல் குலுங்க, கிரீஸ் அப்பின அந்தக் கை முழுசாக வெளியே நீண்டது. டீக்கடை பெஞ்சில் இருந்த அண்ணன் எழுந்து நின்றார். கையில் டீ கிளாஸ், வாய் திறந்தபடி. எங்கள் கார் டீக்கடையைத் தொடாமல், ஒழுங்காக, அவரைத் தாண்டி உள்ளே போனது.

மணி நாலடிக்க ஐந்து நிமிஷம். இன்ஸ்பெக்டர் குத்துக்கால் போட்டு இரண்டு டயரையும் படித்தார், தடவினார், எழுந்தார். "ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க. நான் கைய காட்டுனா பிரேக் போடுங்க." மதினி போய்விட்டு வந்தாள். கையைக் காட்டினார், போட்டாள். வண்டி கோடு கிழித்த மாதிரி நின்றது.

"லைசென்ஸ் இருக்காம்மா?"

மதினி மஞ்சப்பையைத் திறந்தாள். உள்ளே விபூதிப் பொட்டலம், அதற்கு அடியில் பஞ்சாமிர்தச் சிமிழ், அதற்கும் அடியில் லைசென்ஸ். இன்ஸ்பெக்டர் அதன்மேல் இருந்த விபூதியை ஊதிவிட்டுப் பார்த்தார். அண்ணன் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். தேதியைப் படித்தார். விரல்விட்டு எதையோ கணக்குப் போட்டார்.

"கிருத்திகை..." என்று மட்டும் அவர் வாயிலிருந்து வந்தது.

வண்டி பாஸ். காகிதத்தைக் கையில் வாங்கினபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பாய் இறங்கும்போது எங்கள் இருவரையும் பார்த்துக் கும்பிட்டு, "அடுத்த தடவை அரை மணி நேரம் உக்காருங்கம்மா" என்றார்.

மலைமேலும் மதினிதான் ஓட்டினாள். என் விரல் வீங்கிக் கிடந்தது, அண்ணனுக்கோ ஓட்டத் தெரியாது. ஆமாம், அவருக்கு எப்போதுமே தெரியாது. வடைக் கதை கேட்ட யாரும் அவரை அதைக் கேட்டதே இல்லை. பின்சீட்டில் கொய்யாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் கொண்டை ஊசியில் கதவைப் பிடித்தார், இரண்டாவதில் கண்ணை மூடினார். ஏழாவதிலோ எட்டாவதிலோ ஒரு கொய்யாவைக் கடிக்கிற சத்தம் கேட்டது. பெருமாள்மலையில் டீ குடிக்க நிறுத்தினோம். கடைக்காரர் அவருக்குத் தெரிந்தவர். மதினி டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்குவதைப் பார்த்து, "என்னண்ணே, இவுகளா ஓட்டுறாக? அந்த வடை..." என்று ஆரம்பித்தார். "டீயப் போடப்பா" என்றார் அண்ணன், கொஞ்சம் அழுத்தி. மதினி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

வீட்டுக்கு வந்து ஷெட்டைத் திறந்தால் உள்ளே பாதிக்கு மேல் பூண்டு மூட்டை. கார் திரும்பி வராது என்ற நம்பிக்கையில் காலையில் கிளம்புமுன் ஆளைவிட்டு அடுக்கிவைத்திருக்கிறார்! நான் கத்தினேன் பாருங்கள் ஒரு கத்து, அக்கம்பக்கத்தில் ஜன்னல் திறந்தது. அண்ணன் சட்டையைக் கழற்றிப் பானட்மேல் போட்டுவிட்டு, ஒவ்வொரு மூட்டையாக முதுகில் ஏற்றி வெளியே கொண்டுவந்து வைத்தார். கடைசி மூட்டை வெளியே வந்ததும் ஓரமாக நின்று, "ரைட்ல ஒடி, ஒடி, வரலாம் வரலாம்" என்று கையைக் காட்டினார். மதினி அவர் கையைப் பார்க்காமலே பின்னால் எடுத்து ஒரே தடவையில் உள்ளே நிறுத்தினாள்.

அண்ணன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக் கேட்டார்.

"நாளைக்கு வியாழக்கிழமை. வடுகபட்டிக்கு என்னையக் கொண்டுபோயி விட்டுட்டு வர்றியா?"

இருபத்தெட்டு வருஷத்தில் அவர் அவளிடம் எதையும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. மதினி இறங்கிக் கதவைச் சாத்தினாள். டயரை ஒருமுறை காலால் தட்டிப் பார்த்தாள்.

"வியாழக்கிழமை எங்களுக்குச் சோலி கெடக்கு" என்றாள். "நீங்க எப்பவும் போல லாரியிலயே போங்க."